திரை விழுந்த பின்னும் நின்ற பாட்டு



இன்று பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் நாடகப் பாட்டு. அதிலும் ஒரு வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நாடகம் மறைந்துவிட்டது, நடித்தவர்கள் மறைந்துவிட்டார்கள், கொட்டகை இடிந்துவிட்டது. ஆனால் அந்த நாடகத்துக்காகப் பிறந்த பாட்டு மட்டும் எப்படியோ தப்பித்து, கச்சேரி மேடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் திரைக்கும் வானொலிக்கும் வந்து சேர்ந்து, எல்லாருக்கும் உரிய பாட்டாகிவிட்டது. அப்படிப்பட்ட பாட்டுகள் எங்கே பிறந்தன, எப்படித் தப்பின, தப்பியபோது எதை இழந்தன? இந்த மூன்று கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இதைச் சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கிச்சனர் சாலையில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில்தான் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923இல் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். பின்னாளில் கிரேட் வேர்ல்டு, ஹாப்பி வேர்ல்டு என்ற பூங்காக்களும் வந்தன. மூன்றில் மூத்தது நம் ஜாலான் புசார்ப் பூங்காதான். ஒரே மதில் சுவருக்குள் சீன இசை நாடகம், மலாய் பங்சாவான் நாடகம், ரொங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, திரைப்படம் எல்லாம் நடந்தன. ஒரு கொட்டகையின் பாட்டு அடுத்த கொட்டகைக்குக் கேட்கும். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே வாயிலில் நுழைந்து, ஒருவர் பாட்டை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய இடம் அது. பூங்கா 1987இல் மூடப்பட்டது. அதன் வாயில் வளைவு மட்டும் அடையாளமாக இன்றும் நிற்கிறது. அங்கே கடைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த வளைவைக் காட்டி, இங்கே ஒரு நாடக மேடை இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

பங்சாவான் என்ற அந்த மலாய் இசை நாடகம் எங்கிருந்து வந்தது? அதன் வேரில் இந்தியா இருக்கிறது. 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. வண்ணத் திரைச்சீலைகள், பறக்கும் தேவதைகள், ஆர்மோனியம், தபலா, நிமிடத்துக்கு ஒரு பாட்டு என்று அவர்கள் காட்டியதை மலாயாவின் மக்கள் அதற்கு முன் கண்டதில்லை. மொழி புரியாமலேயே மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1880களில் பினாங்கில் மாமாக் புஷி என்பவர் மலாய் மொழியிலேயே அத்தகைய நாடகக் குழு ஒன்றை அமைத்தார். அங்கிருந்து பங்சாவான் வளர்ந்து சிங்கப்பூருக்கும் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் பரவியது. 1891இல் சுரபாயாவில் தொடங்கிய கொமெடி ஸ்தாம்புல் குழுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த மேடைப் பாட்டுகள் பின்னர் குரோஞ்சோங் இசைக்குள் கலந்தன.

பங்சாவானில் ஒரு வழக்கம் இருந்தது. இன்றைய பேச்சுக்கு அதுவே திறவுகோல். ஒரு காட்சி முடிந்து, அரண்மனைச் சீலையை அவிழ்த்துக் காட்டுச் சீலையைக் கட்டும்வரை மக்களைக் காக்க வைக்க முடியாது. அதனால் முன்திரையை இறக்கி, அதன் முன்னே ஒருவர் வந்து பாடுவார், ஆடுவார், நகைச்சுவை செய்வார். இதற்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்றே பெயர். கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் தொடர்பு வேண்டியதில்லை. தொடர்பில்லாததாலேயே அந்தப் பாட்டு கதையை நம்பி நிற்கவில்லை. தனியாகக் கேட்டாலும் நிற்கும்படி, ஒரு முறை கேட்டதும் நெஞ்சில் ஒட்டும்படி அதை அமைத்தாக வேண்டியிருந்தது. நாடகம் ஊரைவிட்டுப் போன மறுநாளும் படகோட்டியும் பால்காரரும் முணுமுணுத்தது அந்தப் பாட்டைத்தான். சீலை மாற்றும் நேரத்தை நிரப்பத் தோன்றிய பாட்டுதான் நாடகத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

அந்த ஆயுள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலேசியாவின் தேசிய கீதமே சான்று. ‘நெகாராக்கு’வின் மெட்டு, பேராக் மாநிலத்தின் கீதமாக ஏற்கெனவே இருந்த மெட்டு. அதற்கும் முன்பு அது இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் பாடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பாட்டு என்று சொல்லப்படுகிறது. ‘தெராங் புலான்’ என்ற பெயரில் அதைச் சிங்கப்பூர் மக்களிடையே பரப்பியது பங்சாவான் மேடை. நிலவைப் பாடும் காதல் பாட்டாக, கேளிக்கைப் பூங்காக்களில் ஆட்டத்துக்குரிய பாட்டாக அது திரிந்தது. 1957இல் சுதந்திரம் பெறவிருந்த மலாயாவுக்கு ஒரு கீதம் வேண்டும் என்று உலகளாவிய போட்டி வைத்தார்கள். வந்த மெட்டுகள் எதுவும் மனநிறைவு தரவில்லை. பெயர்பெற்ற இசையமைப்பாளர்கள் சிலரையும் தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் தந்ததும் ஒத்துவரவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு, மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த அந்த மெட்டையே தேர்ந்தது. புதிதாகச் செய்த எந்த மெட்டும் மக்கள் பாடிப் பழகிய மெட்டுக்கு ஈடாகவில்லை.

அப்போது கேட்கப்பட்ட இசையமைப்பாளர்களுள் நம் ஜுபிர் சையதும் ஒருவர். அவர் வாழ்க்கையும் பங்சாவானில்தான் தொடங்கியது. சுமத்ராவின் புக்கிட்திங்கியில் பிறந்து, 1928இல் சிங்கப்பூருக்கு வந்து, சிட்டி ஓப்ரா என்ற பங்சாவான் குழுவில் சேர்ந்து வாசித்தார். அங்கிருந்து இசைத்தட்டு நிறுவனம், அதன்பின் திரைப்படம் என்று வளர்ந்தார். 1958இல் விக்டோரியா அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது, அந்த விழாவுக்காக நகராட்சி மன்றம் கேட்டு அவர் எழுதியதுதான் ‘மஜூலா சிங்கப்பூரா’. 1959 டிசம்பரில் அது நம் கீதமாயிற்று. நாடக அரங்கு ஒன்றின் திறப்பு விழாவுக்கு, நாடக மேடையில் தொழில் கற்ற ஒருவர் எழுதிய பாட்டைத்தான் நம் பிள்ளைகள் ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளியில் எழுந்து நின்று பாடுகிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

மலாய் மேடையைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், அதே பார்சி நாடகம்தான் நம் தமிழ் மேடையையும் உலுக்கியது என்பதே. ஆனால் பார்சிகளுக்கு முன்பே நமக்கு ஒரு பெரிய முன்வரலாறு உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கம்பராமாயணத்தை முழுவதும் கீர்த்தனைகளாக்கி ராம நாடகம் செய்தார். வேங்கடராமையர், கோதண்டராமையர் என்ற இரு மாணவர்கள் அதற்கு மெட்டமைத்தார்கள். அரங்கேற்றம் திருவரங்கத்தில். அரங்கேற்றத்தின்போது அரங்கநாதரைப் பற்றிப் பாட வேண்டியிருந்ததால் பிறந்தது என்று மரபு சொல்லும் மோகனராகப் பாட்டை இன்றும் கர்நாடகக் கச்சேரிகளில் கேட்கலாம். மிதிலையில் ராமனும் சீதையும் முதன்முதலாகக் கண்டுகொள்ளும் கட்டத்துக்கான ‘யாரோ இவர் யாரோ’ இன்று பரதநாட்டியக்காரர்களின் சொத்து. ராம நாடகத்தை முழு நாடகமாக ஓரிரவு உட்கார்ந்து பார்த்தவர் இன்று எத்தனை பேர்? நாடகம் நூலகத்துக்குப் போய்விட்டது. பாட்டு மட்டும் வித்துவான்களின் கைமாறிக் கைமாறி, பல பாட்டுகள் ராகம் மாறியும், உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் பாட்டுக் கற்கும் ஒரு பெண் ‘யாரோ இவர் யாரோ’வைக் கற்கும்போது, இது சீதையும் ராமனும் இருக்கும் ஒரு காட்சி என்று அறிந்து கற்றால் அவள் குரலில் வரும் பாவமே வேறாக இருக்கும்.

அடுத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை கதாகாலட்சேபத்துக்காகப் பிறந்தது, 1861இல் அச்சாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்த நூலின் இலக்கணப் பிழைகள் உறுத்தின. சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பிறகு ஒருநாள் பாரதியார் தாமே உருகிப் பாடுவதைக் கேட்டு மனம் கரைந்து பாயிரம் தந்தார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். மேடைக்குப் பிறந்த பாட்டை ஏட்டில் வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டை எடைபோட ஒரே தராசு மனிதக் குரல். நந்தனார் பாட்டுகள் காலட்சேபத்திலிருந்து நாடகத்துக்கு, நாடகத்திலிருந்து திரைக்கு, திரையிலிருந்து கச்சேரிக்கு என்று சுற்றின. 1935 நந்தனார் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். 1949 நல்லதம்பி படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் அதே காலட்சேபச் சட்டகத்தை எடுத்து, கல்வி கேட்டுப் பட்டணம் போகும் கிந்தனார் கதையாக்கினார். மூலத்தை ஊரே அறிந்திருந்ததால்தான் கிந்தனார் ஒவ்வோர் அடியிலும் மக்களுக்குப் புரிந்தது.

பார்சிக் குழுக்களும், பின்னர் மராத்தி சங்கீத நாடகமும் தமிழகத்துக்கு வந்தபோது மேடையின் உருவம் மாறியது. ஆர்மோனியம் வந்தது. வண்ணச் சீலை வந்தது. பார்சி மெட்டு, இந்துஸ்தானி மெட்டு என்று தமிழ்ச் சொல்லுக்குள் வடநாட்டு இசை புகுந்தது. கொழும்பிலும் இதே அலைதான்: ஜான் டி சில்வாவின் ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்கு 1903இல் விசுவநாத் லவ்ஜி என்ற இந்திய இசைவல்லார் அமைத்த பாட்டு ஒன்று, நாடகத்தை விட்டு வெளியேறி, இன்று சிங்கள மக்கள் அனைவரும் அறிந்த பக்திப் பாட்டாக இருக்கிறது. கொழும்பு, மதுரை, பினாங்கு, சிங்கப்பூர் நான்கையும் ஒரே பாதையில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

இப்போது சங்கரதாஸ் சுவாமிகளிடம் வருகிறேன். என் பேச்சின் நடு இதுதான்.

1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். இடையில் தமிழ் மேடைக்கு வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று பல பத்து நாடகங்கள் எழுதினார். அவர் எழுதும் வேகத்தைப் பற்றி டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சண்முகம் சிறுவனாக இருந்தபோது, அவருக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்துவிட்டாராம். அந்த வேகத்தில் எழுதியவர் புகழைக் கணக்கிட்டு எழுதியிருக்க முடியாது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், அதற்காக எழுதினார்.

அவர் பாட்டுகள் நிலைத்ததற்கு அவர் மேதைமை மட்டும் காரணமா? தொழில்முறை ஒன்றும் காரணம் என்று நான் நம்புகிறேன். அதன் பெயர் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் மதுரையிலிருந்து ஒரு ராஜபார்ட்டையும், புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட்டையும், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பபூனையும், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். இவர்கள் மேடையேறும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வள்ளி திருமணம் நடக்க வேண்டும். எப்படி முடியும்? எல்லாருக்கும் ஒரே பாடம் தெரிந்திருந்தால்தான் முடியும். நாரதர் இந்தப் பாட்டைத் தொடங்கினால் வள்ளி இந்தப் பாட்டால் பதில் சொல்வாள் என்பது ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொதுப் பாடமாக அமைந்தவை சுவாமிகளின் பாட்டுகள். ஒவ்வொருவரும் தம் திறமைக்கேற்ப அதை நீட்டுவார்கள், விருத்தம் சேர்ப்பார்கள், எதிராளியைத் தர்க்கத்தில் மடக்குவார்கள். அடிப்படைப் பாட்டு மட்டும் மாறாது.

இதைச் சொல்லும்போது அமெரிக்காவின் ஜாஸ் இசைக்கலைஞர்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. முன்பின் அறியாத நான்கு பேர் ஓர் இரவு விடுதியில் சந்தித்து, ஒத்திகையில்லாமல் வாசிக்கிறார்கள். எப்படி? எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டுத் தொகுதி அவர்களிடம் இருக்கிறது. அத்தொகுதியின் பெரும்பகுதி நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களிலிருந்து வந்தது. ஜெரோம் கெர்ன் 1939இல் இசையமைத்த ‘வெரி வார்ம் ஃபார் மே’ என்ற நாடகம் 59 காட்சிகளோடு படுத்துவிட்டது. ஆனால் அதில் வந்த ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ என்ற பாட்டைக் கற்காத ஜாஸ் கலைஞர் இல்லை. கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ 1935இல் முதலில் மேடையேறியபோது பணத்தை இழந்தது. அதன் தாலாட்டான ‘சம்மர்டைம்’ உலகின் எல்லா மூலைகளிலும் பாடப்படுகிறது. 1959இல் வந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தின் ஒரு குழந்தைப் பாட்டை ஜான் கோல்ட்ரேன் எடுத்து, ஏறக்குறைய பதினான்கு நிமிட ஆலாபனையாக்கினார்.

மதுரையின் ஸ்பெஷல் நாடக நடிகரும் நியூயார்க்கின் ஜாஸ் கலைஞரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் இருவருக்கும் தேவை ஒன்றுதான். முன்பின் தெரியாதவர்கள் உடனே சேர்ந்து தொழில் செய்யப் பொதுவான பாட்டு வேண்டும். ஒரு பாட்டு மக்களிடம் நிலைப்பதற்கு மக்கள் விருப்பம் மட்டும் போதாது. கலைஞர்களுக்கு அது அன்றாடம் பயன்பட வேண்டும் என்பதே நான் இங்கே முன்வைக்கும் கருத்து.

மக்கள் விருப்பத்துக்கும் அளவுகோல்கள் இருந்தன. ஒன்று ‘ஒன்ஸ் மோர்’. கொட்டகையில் பாட்டு பிடித்துவிட்டால் மக்கள் அப்படிக் கத்துவார்கள். அழுதுகொண்டிருக்கும் சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே பாட்டை மறுபடி பாடுவார். இன்னொன்று பாட்டுப் புத்தகம். அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகங்கள். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் இவை குவிந்து கிடந்தன. அவற்றில் ஒவ்வொரு புதுப் பாட்டின் தலையிலும், இன்ன பாட்டின் மெட்டில் பாடவும் என்று அச்சிட்டிருப்பார்கள். சுரக்குறிப்பு இருக்காது. எந்தப் பாட்டின் பெயரைச் சொன்னால் ஊரே மெட்டைப் பிடித்துக்கொள்ளுமோ, அந்தப் பாட்டு நிலைபெற்றுவிட்டது என்று பொருள். அந்தப் புத்தகங்களைத் தொகுத்து, எந்த மெட்டு எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்று கணக்கெடுத்தால் தமிழ் மேடையின் உண்மையான புகழ்ப்பட்டியல் கிடைத்துவிடும். இளம் ஆய்வாளர் ஒருவர் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கதையை நிறுத்திவிட்டுப் பாடுவதைப் பம்மல் சம்பந்த முதலியார் போன்றவர்கள் விரும்பவில்லை. 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, வசனத்துக்கும் நடிப்புக்கும் முதலிடம் தந்தது. நாடகக் கலையின் பக்கம் நின்று பார்த்தால் அவர் செய்தது சரி. மரணக் காட்சியில் ராக ஆலாபனை பொருத்தமில்லைதான். ஆனால் பாட்டின் பக்கம் நின்று பார்க்கிறேன். கதையோடு ஒட்டாமல் துருத்தி நின்ற பாட்டுகளே பிற்காலத்துக்கு மிஞ்சின. கதையோடு முழுதும் கரைந்த பாட்டு கதையோடு போய்விட்டது.

எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. 1906இல் செங்கோட்டையில் பிறந்து, சிறுவனாக மேடையேறி, கன்னையா கம்பெனியில் புகழ்பெற்று, 1933இல் 27 வயதில் மறைந்தவர். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் இலங்கையில் இணைந்து மேடையேறியதிலிருந்து தமிழ் மேடையில் அவர்களுக்கு நிகரில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசை மண்தரைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அந்தக் குரலை இசைத்தட்டு பிடித்து வைத்தது. ஆனால் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், சற்றுக் கூடுதலாகப் போனால் மூன்றரை. மேடையில் கால்மணி நேரம் விரிந்த பாட்டைச் சுருக்கித்தான் பதிய வேண்டியிருந்தது. முன் வசனமும் எதிர்ப்பாட்டும் போயின. யார் யாரிடம் பாடுகிறார்கள் என்ற விவரம் போயிற்று. மிஞ்சியது குரலும் மெட்டும். கப்பலேறி வந்த அந்தத் தட்டுகளில்தான் மலாயாத் தமிழர் பலர் நாடகப் பாட்டைக் கேட்டார்கள். நாடகத்தைப் பார்க்காமலேயே பாட்டை அறிந்தார்கள்.

பிறகு திரைப்படம். 1931 அக்டோபர் 31இல் வெளியான காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக நடிகை. தம் மேடைப் பாட்டுகளையே அங்கும் பாடினார். அவற்றில் ஒன்றான, காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டுக்கும் காளிதாசனுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய அத்தகைய பாட்டுகள் மேடையிலும் தட்டிலும் அதற்கு முன்பே மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. 1934இல் மேடைப் பவளக்கொடி திரைப் பவளக்கொடியானபோது ஐம்பது பாட்டுகளோடு வந்தது, எம்.கே. தியாகராஜ பாகவதர் என்ற நாடக நடிகர் திரை நட்சத்திரமானார். அதே 1934இல் சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர் இயக்கிய ‘லைலா மஜ்னுன்’ மலாய்ப் படம் வெளிவந்தது. அதில் நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்கள். பாடியதும் மேடை வழக்கப்படிதான். தமிழ்த் திரையும் மலாய்த் திரையும் ஒரே தாயிடம் பால் குடித்தவை என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

1945இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ஸ்ரீவள்ளியில் டி.ஆர். மகாலிங்கம் ‘காயாத கானகத்தே’ பாடினார். அதைத் திரைப்பாட்டாக நினைப்பவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். அது வள்ளி திருமண நாடகத்தின் பாட்டு. கிட்டப்பா பாடிப் புகழ்பெற்றது. அதற்கும் முன்பு பெயர் தெரியாத எத்தனையோ வேலன்மார் தென்பாண்டிச் சீமைத் திருவிழாக்களில் விடிய விடியப் பாடியது. அதே வள்ளி நாடகத்தின் தினைப்புனக் காட்சிக்குள்தான் நடிகர் விசுவநாததாஸ், வயலில் இறங்கும் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாக ஒரு பாட்டைப் பாடினார். பறவை விரட்டும் காட்சி நாடகத்தில் ஏற்கெனவே இருந்தது. அதில் வெள்ளைக்காரனை விரட்டும் பொருளை அவர் ஏற்றினார். மக்கள் புரிந்துகொண்டார்கள், காவல்துறையும் புரிந்துகொண்டது. பலமுறை சிறை சென்ற அந்தக் கலைஞர், 1940 இறுதியில் சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்நீத்தார்.

கடைசியாக, தப்பிய பாட்டு எதை இழந்தது என்ற கேள்வி. அமெரிக்கர்களின் நாடகப் பாட்டு நாடகத்தை விட்டு வெளியேறியபோது அதை ஆக்கியவர் பெயரையும் உடன் எடுத்துச் சென்றது. அச்சிட்ட இசைத்தாளில் நாடகத்தின் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. 1914இலேயே அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பாட்டு ஒலிக்கும் இடத்திலெல்லாம் உரிமைத்தொகை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நம் நாடக ஆசிரியருக்குக் கிடைத்தது சோறும் மாதச் சம்பளமும். நம் பாட்டு வெளியேறியபோது பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தது. தட்டில் பாடகர் பெயர் மட்டும். திரையில் நடிகர் பெயர் மட்டும். ஆர்மோனியத்தில் மெட்டைச் செதுக்கியவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள், பாட்டுப் புத்தகம் எழுதிய ஏழைப் புலவர்கள் இவர்களில் பெரும்பாலோர் பெயரின்றிப் போனார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

சிங்கப்பூரில் இந்த இழப்பைக் குறைக்க நம்மால் முடியும். 2015இல் தமிழ்ச் சமூகமும் தேசிய நூலகமும் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பிந்திய 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவில் ஏற்றின. நினைத்தால் முடியும் என்று அப்போதே காட்டிவிட்டோம். அதற்கு முந்திய காலத்து மேடைப் பாட்டுப் புத்தகங்களும் நாடக விளம்பரத் தாள்களும் பழைய இசைத்தட்டுகளும் நம் வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கலாம். தாத்தா பாட்டி காலத்துப் பெட்டிகளை வீடு மாறும்போது கீழே வீசிவிடாதீர்கள். திறந்து பாருங்கள். கிழிந்த ஓர் அட்டை கிடைத்தாலும் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டில் நாடகப் பாட்டுத் தெரிந்த முதியவர் இருந்தால், அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து, எங்கே கேட்டார், எந்த நாடகம், யார் நடித்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துச் சேர்த்துப் பதியுங்கள்.

இங்கே இருக்கும் இசையாசிரியர்களிடமும் சமூக மன்ற நிகழ்ச்சி அமைப்பாளர்களிடமும் வானொலி அறிவிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த முறை உங்கள் மேடையில் ஒரு நாடகப் பாட்டு ஒலிக்கும்போது, பாடுவதற்கு முன் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: இது இன்ன நாடகத்தில் இன்ன பாத்திரம் பாடும் பாட்டு, எழுதியவர் இன்னார். அரை நிமிடம்கூட ஆகாது. அதை இந்த வாரமே தொடங்குங்கள்.